எலும்புக்குச் சுண்ணாம்பு அடிக்க முடியுமா?

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துச் சரிவில் கால் சறுக்கி விழுந்த 65 வயது அம்மா ஒருவரை 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிச் சேலத்துக்குக் கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முட்டிக்குக் கீழே எலும்பின் மேல்தட்டு நொறுங்கி உள்ளே அமுங்கியிருக்கிறது. மருத்துவமனை தரும் செலவுச் சீட்டில் பிளேட், ஸ்க்ரூ என்பதெல்லாம் புரிகிறது. நடுவில் ஒரு வரி: ‘போன் கிராஃப்ட் கிரானூல்ஸ்’. கேட்டால், “எலும்புப் பொடிங்க, கால்சியம் பாஸ்பேட்” என்கிறார்கள். இதற்கிடையே வாட்ஸ்அப்பில் ‘எலும்பை மறுபடி வளர்க்கும் ஊசி’ என்று ஒரு துணுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் எழும் கேள்வி நியாயமானதுதான்: இந்தப் பொடியை விழுவதற்கு முன்பே ஏற்றியிருந்தால் எலும்பு முறிந்தே இருக்காதே?

இதற்குப் பதில் சொல்ல, எலும்பு என்ன பொருள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு சொற்கள் செய்யும் குழப்பம்

ஒன்று, ‘தேய்மானம்’. முட்டி வலியோடு போனாலும் தேய்மானம். முதுகு கூன் விழுந்தாலும் தேய்மானம். உண்மையில் இவை வேறு வேறு. மூட்டுத் தேய்மானம் என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்வது. எலும்புப்புரை என்பது எலும்பின் உள்ளே இருக்கும் சல்லடை மெலிந்து, ஓட்டை பெரிதாகிப்போவது. முன்னது வலித்துக்கொண்டே இருக்கும். பின்னது முறியும் வரை வாயே திறக்காது. இந்தக் கட்டுரை பின்னதைப் பற்றியது.

இன்னொன்று, ‘சுண்ணாம்புச் சத்து’. கால்சியத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர். பெயரில் தப்பில்லை, ஆனால் அதைக் கேட்டதும் எலும்பு ஒரு வெள்ளையடித்த சுவர், காரை உதிர்ந்தால் இன்னொரு பூச்சு பூசினால் போதும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் எலும்பும் ஒரே பொருள் கிடையாது. முட்டை ஓடு, நத்தை ஓடு இவைதான் சுண்ணாம்புக்கல் வகை, அதாவது கால்சியம் கார்பனேட். எலும்பில் இருப்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். அதன் பெயர் ஹைட்ராக்ஸி அபடைட். எலும்பில் அது கொஞ்சம் கார்பனேட்டும் மக்னீசியமும் சோடியமும் கலந்து, சுத்தமில்லாத வடிவில் இருக்கிறது. அந்த ‘அசுத்தம்’ முக்கியம், பின்னால் வருவோம்.

எலும்பு எதனால் ஆனது

தகனம் முடிந்து மறுநாள் எலும்பு பொறுக்கப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சாம்பலுக்குள் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் கிடக்கும். வடிவம் அப்படியே இருக்கும். எது விரல், எது முதுகுத்தண்டு என்று வெட்டியான் எடுத்துக் காட்டுவார். கையில் எடுத்தால் கனமே இருக்காது, இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் பொடிந்துவிடும். அந்தத் துண்டு ஏறக்குறைய வெறும் கால்சியம் பாஸ்பேட்.

இதற்கு நேர் எதிரான சோதனையைச் சமையலறையிலேயே செய்யலாம். கோழிக் கால் எலும்பைச் சுத்தம் செய்து வினிகரில் சில நாள் ஊறப்போடுங்கள். அமிலம் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைத்துவிடும். மிஞ்சுவது ரப்பர் போல வளையும். அதுதான் கொலாஜன் என்னும் புரத நார்.

உயிருள்ள எலும்பில் எடைக்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு தாது, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொலாஜன், மீதி தண்ணீர். தாது அமுக்கத்தைத் தாங்குகிறது, நார் இழுப்பைத் தாங்குகிறது. வீடு கட்டுபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: கான்கிரீட்டும் கம்பியும் பிரித்துக்கொள்ளும் வேலை இதுதான். நார் பிறவியிலேயே பழுதானால் தாது எவ்வளவு இருந்தும் எலும்பு சட்டென்று ஒடியும். குழந்தைகளுக்கு வரும் ‘பிரிட்டில் போன்’ நோய் பெரும்பாலும் அந்த வகை.

தின்பவர்கள், கட்டுபவர்கள்

எலும்பு ஒருமுறை கட்டி விட்டுவிட்ட சுவரும் இல்லை. உள்ளே தினமும் வேலை நடக்கிறது.

1. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலம் சுரந்து அரித்துத் தின்கின்றன. ஓர் இடத்தில் தின்பது இரண்டு மூன்று வாரம்.

2. அந்தக் குழிக்குள் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து முதலில் நாரை விரிக்கின்றன, பிறகு அதில் தாது படிகிறது. இதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். இடிப்பது வேகம், கட்டுவது மெதுவு.

3. இப்படி வயதுவந்தவரின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் புதிதாகிறது.

4. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. தின்பவர்களைக் கட்டுக்குள் வைத்திருந்தது அதுதான். அடுத்த சில ஆண்டுகள் வரவைவிடச் செலவு அதிகம். இந்தியப் பெண்களுக்கு இது 46, 47 வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் அடிபடுவது முதுகெலும்பு, மணிக்கட்டு, தொடை எலும்பின் கழுத்து. இங்கெல்லாம் உள்ளே சல்லடை எலும்பு நிறைய. சல்லடைக்கு மேற்பரப்பு அதிகம், தின்பவர்கள் உட்கார இடமும் அதிகம்.

எலும்பின் அடர்த்தியை அளப்பதற்கு டெக்ஸா ஸ்கேன் என்னும் எக்ஸ்ரே சோதனை. இளவயதுச் சராசரியிலிருந்து எவ்வளவு கீழே என்பதை டி-ஸ்கோர் என்பார்கள். -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை. 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கோடு அது. இலவச முகாம்களில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துச் சொல்லும் எண் இதற்கு ஈடாகாது. சந்தேகத்தைக் கிளப்ப அது போதும், மருந்து தொடங்கப் போதாது.

அடர்த்தி கூடினால் பலம் கூடுமா? நம் பக்கத்துத் தண்ணீரே பதில்

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு கூடுதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். அதைத் தாண்டிய நீரைச் சிறுவயதிலிருந்து குடித்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை தெரியும். பல ஆண்டு குடித்தால் முதுகு விறைக்கும், மூட்டு மடங்காது.

உள்ளே நடப்பது ஓர் இடமாற்றம். ஹைட்ராக்ஸி அபடைட் படிகத்தில் ஹைட்ராக்சில் உட்கார வேண்டிய இருக்கையில் ஃப்ளோரைடு உட்கார்ந்துகொள்கிறது. அளவில் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் படிகம் எதிர்ப்புக் காட்டுவதில்லை. இன்னும் இறுக்கமாக, கரையாததாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் பார்த்தால் முதுகெலும்பு வெள்ளை வெளேரென்று, நல்ல கெட்டியாகத் தெரியும். ஆனால் அந்த எலும்பு எளிதில் உடையும்.

இதை மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் எலும்புப்புரை உள்ள 202 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கால்சியத்தோடு தினம் 75 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடு நான்கு ஆண்டு கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கால்சியம் மட்டும். 1990இல் முடிவு வெளியானது. இடுப்புப் பக்கத்து முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. இன்றைய மருந்துகள் பலவற்றாலும் எட்ட முடியாத எண். ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளில் முறிவு மூன்று மடங்கு அளவுக்குக் கூடிவிட்டது.

எலும்புப் பொருள் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் பொருத்திப் பார்ப்பது இந்த முடிவைத்தான். ‘அடர்த்தி கூடியது’ என்று மட்டும் சொல்லி, ‘முறிவு குறைந்தது’ என்று சொல்லாத செய்தி பாதிச் செய்தி.

ஒரே பொடி, வேறு வேறு சூளை

இப்போது அந்தச் செலவுச் சீட்டில் இருந்த பொடிக்கு வருவோம். கால்சியம் பாஸ்பேட் என்பது ஒரு குடும்பப் பெயர். யார் யார் என்பதைப் பிரிப்பது கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம்: ஹைட்ராக்ஸி அபடைட்டில் 1.67, ட்ரை கால்சியம் பாஸ்பேட்டில் 1.5. விகிதம் மட்டுமல்ல, எந்த வெப்பத்தில் சுட்டது என்பதும் குணத்தை மாற்றும்.

இதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஏற்காட்டு அடிவாரத்து வெள்ளைக் கரடுகளில் வெட்டியெடுக்கும் மேக்னசைட் என்னும் மக்னீசியத் தாதுக்கல்லை 1,000 டிகிரிக்குக் கீழே சுட்டால் கிடைக்கும் மாவு துறுதுறுவென்று இருக்கும், தண்ணீரோடும் அமிலத்தோடும் சட்டென்று வினைபுரியும். அதே கல்லை 1,500 டிகிரிக்கு மேல் சுட்டால் ‘டெட் பர்ன்ட்’. அதற்குப் பிறகு அது எதற்கும் அசையாது, அதனால்தான் உருக்காலை உலைக்குள் செங்கல்லாக நிற்கிறது. கல் ஒன்றுதான்; சூளை வேறு.

கால்சியம் பாஸ்பேட்டும் அப்படியே. பீக்கரில் வீழ்படிவாக எடுத்த ஹைட்ராக்ஸி அபடைட் மாவை அழுத்தி 1,100 - 1,250 டிகிரியில் சுட்டால் கெட்டியான பீங்கான் ஆகிறது. உடம்புக்குள் வைத்தால் ஒவ்வாமை இல்லை, புதிய எலும்பு அதன் மேல் நேராக வந்து ஒட்டும். ஆனால் தின்பவர்களால் அதை அசைக்க முடியாது. பல ஆண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்தாலும் அப்படியே இருக்கும். ட்ரை கால்சியம் பாஸ்பேட்டின் பீட்டா வடிவம் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் கரைந்து எலும்புக்கு இடம் விடும். அதையே சுமார் 1,125 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஆல்ஃபா வடிவமாகி, இன்னும் வேகமாகக் கரையும்.

எது நல்லது? கரையாதது பலமாக நிற்கும், ஆனால் கடைசிவரை அந்நியனாகவே இருக்கும். வேகமாகக் கரைவது, எலும்பு வந்து சேர்வதற்குள் குழியை வெறுமையாக்கிவிடும். மாவுக்கட்டுக்குப் பயன்படும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை 1892இல் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்ற மருத்துவர் எலும்புக் குழிக்குள்ளேயே வைத்து நிரப்பிப் பார்த்தார். நல்ல யோசனைதான், ஆனால் அது ஆறு எட்டு வாரத்தில் கரைந்துவிடும். கால்சியம் பாஸ்பேட்டை முதலில் முறிவில் வைத்துப் பார்த்தவர் அமெரிக்கரான ஆல்பீ, 1920. இன்று அதிகம் விற்பது ஹைட்ராக்ஸி அபடைட்டும் பீட்டா வடிவமும் கலந்த மணிகள். கொஞ்சம் நிற்கவும் வேண்டும், கொஞ்சம் கரையவும் வேண்டும் என்ற சமரசம்.

மணிக்குள் துளைகளும் வேண்டும். ரத்தக்குழாயும் செல்லும் உள்ளே நுழைய 100 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) மேல், ஒன்றோடொன்று இணைந்த துளைகள் தேவை. ஒரு வழி, களிமண் பதத்தில் இருக்கும் கலவையில் ஸ்டார்ச்சைக் கலந்து சுடுவது. மாவு எரிந்துபோக அதன் இடத்தில் துளை நிற்கும். நம் ஊர் குச்சிக்கிழங்கு மாவின் துகள் 5 முதல் 35 மைக்ரான் அளவுதான் என்பதால் திரவம் ஊறும் சிறு துளைக்கு அது சரி. பெரிய துளைக்குச் சர்க்கரை, மெழுகு, அல்லது கலவையில் முக்கியெடுத்த ஸ்பாஞ்ச்.

மணி வடிவம் தவிர சிமென்ட் வடிவமும் உண்டு. 1980களில் பிரவுன், சௌ என்ற இருவர் கண்டுபிடித்தது. பொடியும் திரவமும் கலந்து பிசைந்து குழியில் பிதுக்கினால், உடம்புச் சூட்டிலேயே சில நிமிடங்களில் இறுகி, எலும்பின் தாதுவைப் போன்ற மெல்லிய படிகமாகிறது. சங்ககிரி சிமென்ட் இறுகுவதும் இதே தத்துவம்தான். காய்வதால் இறுகுவதில்லை, நீரோடு வினைபுரிந்து படிகங்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்வதால் இறுகுகிறது.

இதையும் ‘போன் சிமென்ட்’ என்று பொதுவாகச் சொல்வதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூட்டு மாற்று சிகிச்சையில் வைப்பது பெரும்பாலும் அக்ரிலிக், பல்செட் செய்யும் பிளாஸ்டிக்கின் உறவு. அதில் எலும்புச் சத்து எதுவும் இல்லை. இறுகும்போது நல்ல சூடு கிளம்பும், எப்போதும் கரையாது. ஆனால் பலம் அதிகம். அமுங்கிப்போன முதுகெலும்புக்குள் அதை ஊசியால் ஏற்றும் முறை பிரான்ஸில் 1984இல் தொடங்கியது. 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில், ஏற்றுவது போல நடித்துவிட்டு ஒன்றும் ஏற்றாமல் விட்டவர்களுக்கும் வலி அதே அளவு குறைந்திருந்தது! அதற்குப் பிறகு இந்த முறையை எல்லோருக்கும் செய்வதில் தயக்கம் வந்துவிட்டது.

எங்கே பயன், எங்கே இல்லை

கால்சியம் பாஸ்பேட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பையும் முறுக்கையும் தாங்காது. நார் இல்லாத எலும்பு அது. தகனத்துக்குப் பின் கிடைக்கும் துண்டின் நல்ல உறவினன். எனவே தனியாக எடை தாங்கும் இடத்தில் வைக்க முடியாது, பிளேட்டும் ஸ்க்ரூவும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நன்றாக வேலை செய்யும் இடம், நாலு பக்கமும் சுவர் இருக்கும் குழி. முட்டிக்குக் கீழே அமுங்கிய எலும்புத் தட்டைத் தூக்கி நிறுத்தினால் அடியில் ஒரு பள்ளம் வரும். அங்கே கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் வைத்தவர்களையும், இடுப்பிலிருந்து சொந்த எலும்பை எடுத்து வைத்தவர்களையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், சிமென்ட் வைத்த தட்டுதான் மறுபடி குறைவாக இறங்கியது. இடுப்பில் இன்னொரு வெட்டும் தேவையில்லை. ஆக, கட்டுரையின் தொடக்கத்தில் வந்த அம்மாவின் சீட்டில் அந்த வரி இருப்பதில் காரணம் இருக்கிறது.

எலும்புப்புரை உள்ளவர்களிடம் இன்னொரு தலைவலி, ஸ்க்ரூ பிடிக்காமல் போவது. கரையான் அரித்த கதவு நிலையில் திருகாணி முடுக்கினால் வெறுமனே சுற்றுமே, அந்த மாதிரி. ஸ்க்ரூவைச் சுற்றிச் சிமென்ட் ஏற்றுவது, ஸ்க்ரூவின் மேலேயே ஹைட்ராக்ஸி அபடைட் பூசுவது இரண்டுமே இதற்குத்தான். இடுப்பு மூட்டு மாற்றில் இந்தப் பூச்சு 1985 முதல் புழக்கத்தில் இருக்கிறது.

ஆய்வு இப்போது எங்கே நிற்கிறது

*இருக்கை மாற்றம்.* ஃப்ளோரைடு கெடுத்த அதே வித்தையை நல்லதுக்குப் பயன்படுத்துவது. எலும்பின் தாது சுத்தமில்லாதது என்றோமே, அந்த அசுத்தங்களை அளந்து சேர்க்கிறார்கள்: மக்னீசியம், ஸ்ட்ரான்ஷியம், துத்தநாகம், சிலிக்கேட். கரையும் வேகம் மாறுகிறது, செல்களின் நடத்தையும் மாறுகிறது. ஸ்ட்ரான்ஷியத்தை வாய்வழி மருந்தாகக் கொடுத்தபோது இதயப் பிரச்சினை எழுந்து ஐரோப்பாவில் கட்டுப்பாடு வந்தது. பொடிக்குள் வைத்தால் அந்த இடத்தோடு நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. கருப்பூர்ப் பக்கம், மேக்னசைட் கரடுகளுக்கு அருகிலேயே இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையிலிருந்தும் இத்தகைய பூச்சுகள் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. டைட்டானியத்தின் மேல் மின்பகுப்பு முறையில் பூசி, அரிப்பு எவ்வளவு, செல்கள் ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் வேலை. இது ஆய்வகக் கட்டம். அங்கிருந்து எலி, முயல், ஆடு, பிறகு மனிதர் என்று நீண்ட தூரம் உண்டு. இடையில் பெரும்பாலானவை நின்றுவிடும்.

*மருந்தைச் சுமப்பது.* எலும்புப்புரைக்கு வாரம் ஒரு மாத்திரையாகவோ ஆண்டுக்கு ஒரு டிரிப்பாகவோ தரும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகள் வேலை செய்வதே ஹைட்ராக்ஸி அபடைட்டில் ஒட்டிக்கொண்டுதான். தின்ன வரும் செல் அதையும் சேர்த்து விழுங்கி முடங்கிப்போகிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு இதைத் திருப்பிப் போட்டு யோசித்தது: வேண்டிய இடத்தில் ஹைட்ராக்ஸி அபடைட் துகளை வைத்துவிட்டால், பிறகு ரத்தத்தில் செலுத்தும் மருந்து தானாகவே அங்கே வந்து சேராதா? விலங்குகளில் சேர்ந்தது. எனக்கு இந்தத் துறையில் அதிக நம்பிக்கை தருவது இந்த வழிதான். பொடி இங்கே செங்கல்லாக நடிக்கவில்லை, விலாசமாக நிற்கிறது.

*முன்கூட்டியே ஊசி.* வாட்ஸ்அப் துணுக்கின் மூலம் இதுவாக இருக்கலாம். முறியாத, ஆனால் மெலிந்த தொடை எலும்புக் கழுத்துக்குள் கால்சியம் சல்பேட், கால்சியம் பாஸ்பேட் கலவையை ஏற்றும் முயற்சி. கலவை கரைந்து அதன் இடத்தில் எலும்பு வந்ததாகச் சிறு எண்ணிக்கைப் பெண்களிடம் பார்த்திருக்கிறார்கள். அடர்த்தி கூடியது சரி. முறிவு குறைந்ததா என்று கேட்க ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். தவிர, அது நிரப்புவது ஓர் இடத்தை. எலும்புப்புரையோ உடம்பு முழுக்க. வலது தொடையை நிரப்பினால் இடது மணிக்கட்டு என்ன செய்யும்?

சீட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு

கேட்க வேண்டியவை மூன்று. பொடி எந்த வகை, எவ்வளவு நாளில் கரையும்? எந்தக் குழியை நிரப்ப? தையல் பிரித்த பிறகு எலும்புப்புரைக்கு மருந்து எப்போது தொடங்குவீர்கள்?

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒருமுறை முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது தெரிந்தும், பிளேட் வைத்ததோடு கதை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பொடி நிரப்பிய பள்ளம் ஒரு சில கன சென்டிமீட்டர். மீதி எலும்புக்கூட்டில் இருப்பது ஒரு கிலோ கால்சியம். அதைக் காப்பது மருந்தும், அன்றாடச் சாப்பாடும், வெயிலும், நடையும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் அதில் பாதிக்கு மேல். தறிக்குழியிலும் கொலுசுப் பட்டறையிலும் பகல் முழுவதும் உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வைட்டமின் டி பரிசோதனையும் தேவைப்படலாம். அது குறைந்தால் களியில் உள்ள கால்சியம் குடலைத் தாண்டிச் சரியாக உள்ளே போகாது.

வாராந்திர மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. விழுங்கிய பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது, காப்பி குடிக்கக் கூடாது. ஏற்காட்டில் இருந்துகொண்டு இந்தக் கடைசிக் கட்டளையைக் கேட்பது கஷ்டம்தான். ஆனால் பாலிலோ காப்பியிலோ உள்ள எதனோடாவது சேர்ந்துவிட்டால், அந்த மாத்திரை எலும்பைத் தேடிப் போகாமல் குடலோடு வெளியேறிவிடும்.